குமரி மாவட்டத்தில் ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கு மலிவான ஃபிரேம் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபிக்ஸட் கியர் வண்டி கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் பலர் முதலில் கலர் ரிம் போட்ட வீல் செட்டை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அப்புறம்தான் அதற்குப் பொருந்துகிற ஃபிரேமைத் தேடி அலைகிறார்கள். வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். ஃபிரேம் கைக்கு வந்து, அளவெல்லாம் எடுத்து முடியும்வரை ஒரு செயின்கூட வாங்காதீர்கள். ஏனென்றால் ஃபிரேமின் விலை என்பது கடைக்காரரிடம் கொடுக்கும் பணம் மட்டும் இல்லை. அந்த ஃபிரேம் உங்களை வேறு என்னென்ன வாங்க வைக்கும் என்பதும் சேர்ந்ததுதான் விலை. 300 ரூபாய்க்குக் கிடைத்த ஃபிரேம், பொருந்தாத மரையால் 3,000 ரூபாய் செலவு வைக்கலாம். 1,000 ரூபாய் ஃபிரேம் எல்லாம் பொருந்தி வந்தால் அதுதான் மலிவு.

ஃபிக்ஸட் கியர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சைக்கிளில் மிதிக்காமல் விட்டாலும் வண்டி ஓடும். பின் சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல் அதற்கு வழிவிடுகிறது. ஃபிக்ஸட் கியரில் ஃப்ரீவீல் கிடையாது. பல்சக்கரம் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்போடு இறுகியே இருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்கலாம். ஃபிரேமிடம் நாம் எதிர்பார்ப்பது எல்லாமே இந்த ஒரு அமைப்பிலிருந்துதான் வருகிறது.

முதலில் பின் பிளவைப் பாருங்கள்

எந்த ஃபிரேமை எடுத்தாலும் பெயிண்டையும் பெயரையும் விட்டுவிட்டு, பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தைப் பாருங்கள். டிராப்அவுட் என்பார்கள். அந்தப் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

கீழ்நோக்கி, செங்குத்தாக இருந்தால் அந்த ஃபிரேமை வைத்துவிட்டு நகருங்கள். இன்றைய கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அச்சு ஒரே இடத்தில்தான் உட்காரும், முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. கியர் வண்டியில் செயினின் தொய்வை டெரெய்லர் என்ற, கியர் மாற்றும் ஸ்பிரிங் கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஃபிக்ஸட் கியரில் அப்படி ஒரு ஸ்பிரிங் டென்ஷனரைப் போட முடியாது. நீங்கள் பெடலை எதிர்த்துப் பிடிக்கும்போது செயினின் கீழ்ப்பக்கம் விறைத்து, அந்த டென்ஷனரையே பிய்த்துவிடும். எக்சென்ட்ரிக் ஹப், அதாவது அச்சு நடுவிலிருந்து ஒதுங்கி இருக்கும் ஹப், என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த ஹப்பின் விலையில் இங்கே பல பழைய ஃபிரேம்கள் வாங்கிவிடலாம்.

பிளவு கிடைமட்டமாக இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்திருந்தால் மிக நல்லது. பந்தயத் தளத்தில் ஓடும் டிராக் சைக்கிள்களின் அமைப்பு அதுதான். நம் ஊர்ப் பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களும் அதே அமைப்பில்தான் வந்தன. முன்பக்கம் திறந்த சாய்வான பிளவும் சரிதான். பழைய ரேஸ் வகை சைக்கிள்களில் அதைப் பார்க்கலாம்.

அடுத்தது பிளவின் நீளம். செயினை ஒரு அங்குல அளவில்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஒரு அங்குலம் குறைத்தால் அச்சு 12.7 மி.மீ. முன்னே போகும். பல்சக்கரத்தில் ஒரு பல் கூடினால் அச்சு சுமார் 3 மி.மீ. நகர வேண்டிவரும். அதனால் அச்சு நகர்வதற்குக் குறைந்தது 13 மி.மீ. இடம் இருந்தால், எந்தப் பல் கணக்கைப் போட்டாலும் செயின் சரியான இறுக்கத்துக்கு வந்துவிடும். நம் மாவட்டத்துக்கு இது முக்கியம். அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் வயல்வெளி. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி போக 46க்கு 16 (முன்னால் 46 பல், பின்னால் 16 பல்) கூடச் சுகமாக இருக்கும். தக்கலை தாண்டி மார்த்தாண்டம், குலசேகரம் என்று மேற்கே போனால் ஏற்றமும் இறக்கமும்தான். அங்கே 44க்கு 18, 42க்கு 18 என்று இறங்க வேண்டியிருக்கும். ஆரல்வாய்மொழி பக்கம் எதிர்காற்றில் மிதிப்பவருக்கும் அதே கதைதான். பல்சக்கரத்தை மாற்றிப் பார்க்க இடம் தரும் ஃபிரேமே இங்கே உதவும்.

எந்தப் பழைய சைக்கிளில் நல்ல ஃபிரேம் இருக்கிறது

புதிதாக டிராக் ஃபிரேம் வாங்குவதைப் பற்றி இங்கே பேசவில்லை. பணம் இருந்தால் அது எளிது. மலிவு என்றால் பழைய ஸ்டீல் ஃபிரேம்தான். அலுமினியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டீலை விரிக்கலாம், நெருக்கலாம், பித்தளை ஒட்டு வைக்கலாம். அலுமினிய ஃபிரேமை விரித்தால் விரிசல் விடும். ஒரு சின்னக் காந்தம் சட்டைப்பையில் இருந்தால் ஸ்டீலா இல்லையா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

கறுப்பு ரோட்ஸ்டர்: லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ, சென்னையில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிறகு அட்லஸ், ஏவான் என்று இந்த வகை வீட்டுக்கு வீடு இருந்தது. ஃபிரேம் கனமானது, ஃபோர்க்கோடு சேர்த்துத் தூக்கினால் கை உணரும். முன்பக்கம் படுத்த கோணம் என்பதால் திருப்பம் நிதானமாக இருக்கும். சந்துக்குள் வெட்டி ஓட்டும் துடிப்பு இதில் கிடைக்காது. ஆனால் பின்பக்கம் திறந்த நீளமான பிளவு, எளிதில் கிடைப்பது, எதையும் தாங்கும் உறுதி ஆகிய மூன்றும் இருக்கிறது. முதல் வண்டி கட்டுபவருக்கு இது நியாயமான தேர்வு.

மெலிந்த வகை: பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற, கம்பி பிரேக்குக்குப் பதில் கேபிள் பிரேக் போட்டு வந்த மெலிந்த சைக்கிள்கள். என் கண் முதலில் தேடுவது இவற்றைத்தான். கோணம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். அதைவிடப் பெரிய லாபம், முன் ஃபோர்க்கின் தலையில், ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிபர் பிரேக் மாட்டத் துளை இருக்கும். அந்தத் துளையின் மதிப்பைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளிக்கூட சைக்கிள்: தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பிளஸ் டூ முடித்து வேலைக்கும் கல்லூரிக்கும் போன பிள்ளைகளின் அந்த சைக்கிள்கள் எத்தனையோ வீடுகளின் பின்புறச் சாய்ப்பில் டயர் வெடித்து நிற்கின்றன. வயது குறைவு, ஓடிய தூரமும் குறைவு. பார் வைத்த ஆண்கள் மாடலைத் தேடுங்கள். வளைந்த பார் வைத்த பெண்கள் மாடலிலும் கட்டலாம், ஓட்டலாம்; ஆனால் அழுத்தி மிதிக்கும்போது ஃபிரேம் கொஞ்சம் நெளியும்.

மவுண்டன் பைக் வகை: ஒற்றை கியரில் வந்த 26 அங்குல ஸ்டீல் வண்டிகளில் பிளவு கிடைமட்டமாக இருப்பவை உண்டு. சஸ்பென்ஷன் உள்ளதைத் தொடவே வேண்டாம். பின் அகலம் 135 மி.மீ. என்றால் அதற்கு ஏற்ற ஹப் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

எங்கே தேடுவது

ஆக்கர் கடைதான் முதல் இடம். பழைய இரும்பு எடைக்கு வாங்கும் கடைக்காரருக்கு அந்த ஃபிரேம் வெறும் இரும்பு. வண்டியைப் பிரித்து உருக்குக்கு அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று திரும்பினால் கிடைக்காது. என்ன வேண்டும் என்பதைப் படமாகக் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, இந்த மாதிரி பார் வச்ச பழைய சைக்கிள் வந்தா பிரிக்காம ஒரு போன் போடுங்க, இரும்பு விலைக்கு மேலே போட்டுத் தாறேன்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று கடையில் இப்படிச் சொல்லி வைத்தால் போதும்.

அடுத்தது பழைய சைக்கிள் மெக்கானிக்குகள். நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரி சுற்றுவட்டாரம், மேற்கே தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் என்று சந்தை கூடும் ஊர்களில் நடந்து பாருங்கள். பஞ்சர் ஒட்டும் சின்னக் கடையின் கூரைமேல் ஒரு ஃபிரேம் தொங்கும். யாரோ ரிப்பேருக்கு விட்டு, திரும்ப வராத வண்டி. இந்த மெக்கானிக்குகளிடம் பேரம் பேசுவதைவிடப் பழகுவது நல்லது. கோட்டர் பின் (பெடல் மாட்டும் கையான கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) கழற்றவும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவும் நாளைக்கு அவர்தான் வேண்டும்.

மூன்றாவது, சொந்தபந்தம். மாமா வீட்டில், பெரியப்பா வீட்டில், ரப்பர் வெட்டப் போக வைத்திருந்த சைக்கிள் மோட்டார் சைக்கிள் வந்த பிறகு சும்மா நிற்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனாலும் கையில் ஏதாவது கொடுத்து வாங்குங்கள். நாளைக்கு அதை வெட்டிப் பெயிண்ட் அடித்த பிறகு மனவருத்தம் வராது.

இணையத்தில் விற்பனைக்கு வருவதைத் தேடும்போது எல்லையைத் திருவனந்தபுரம், திருநெல்வேலி வரை விரித்துக்கொள்ளுங்கள். பழைய ரேஸ் வகை சைக்கிள்கள் நகரத்தில்தான் கண்ணில் படும். பேசும்போது பின் பிளவின் நெருக்கமான படம், பெடல் அச்சு இருக்கும் இடத்தின் அடிப்பகுதிப் படம் இரண்டையும் கேளுங்கள். இரண்டும் வராமல் பஸ் ஏற வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பையில் என்ன இருக்க வேண்டும்

காந்தம், வெர்னியர் காலிபர் அல்லது நல்ல ஸ்டீல் ஸ்கேல், நான்கு மீட்டர் தையல் நூல், டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பழந்துணி. முடிந்தால் கியர் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்டாண்டர்டு பி.பி. கப் ஒன்று. பி.பி. என்றால் பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு ஓடும் இடம்; அதன் வாயில் மரையில் ஏறுவதுதான் கப். இந்தக் கப் உங்களுக்கு எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பது மரை பார்க்கும்போது தெரியும்.

துருவும் விரிசலும்

நம் மாவட்டத்தில் ஃபிரேம் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இந்த வண்டி எந்த ஊரில் ஓடியது?" என்பதைத்தான். பூதப்பாண்டியில் ஓடிய சைக்கிளும் குளச்சலில் ஓடிய சைக்கிளும் ஒரே வருடம் வாங்கியவையாக இருந்தாலும் ஒரே நிலையில் இருக்காது. மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் உப்புக் காற்றிலேயே நின்ற வண்டியில் வெளியே தெரியும் துரு பாதிதான். குழாய்க்கு உள்ளே, ஈரம் வடிந்து தேங்கும் பி.பி. பகுதியிலும் அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டே குழாய்களிலும்தான் இரும்பு தின்னப்பட்டிருக்கும்.

அதிலும் மீன் பெட்டி கட்டி ஓடிய சைக்கிள் என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணீர் நாள்தோறும் பின் ஸ்டேயிலும் டிராப்அவுட்டிலும்தான் இறங்கியிருக்கும். அதோடு பாரமும் சேர்ந்திருக்கும். எவ்வளவு பளபளப்பாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாலும் அந்த மூலைகள் பலவீனமாகவே இருக்கும்.

எப்படிச் சோதிப்பது? சீட் போஸ்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பாருங்கள். பழுப்பாகப் படிந்த துரு பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்து, ஃபிரேமைத் தலைகீழாகத் தட்டினால் கைப்பிடித் துரு கொட்டுகிறது என்றால் வைத்துவிடுங்கள். வெளியே ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும். தின்னப்பட்ட இடத்தில் சத்தம் மங்கிப் போகும். சந்தேகமுள்ள இடத்தில் முனையால் அழுத்திப் பார்க்கலாம், உரிமையாளர் அனுமதித்தால்.

சீட் போஸ்ட் அசையவே இல்லை என்றால் அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். ஸ்டீல் போஸ்ட் என்றால் டீசலை ஊற்றி இரண்டு நாள் விட்டுத் திருகினால் பல நேரம் வந்துவிடும். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் உப்புக் காற்றில் இறுகியிருந்தால் மிகக் கடினம். ஹேண்டில் ஸ்டெம்முக்கும் இதே விதிதான்.

விரிசலுக்கு மூன்று இடம்: ஹேண்டில் திரும்பும் ஹெட் டியூபுக்கு அடியில், பி.பி.க்கு இறங்கும் டவுன் டியூப் சேருமிடம், பி.பி.யைச் சுற்றி, டிராப்அவுட் ஒட்டிய இடம். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு விரலை ஓட்டுங்கள். முன்னால் எதிலோ மோதிய வண்டியில் டவுன் டியூபின் அடிப்பக்கம் ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால் சின்ன மேடு அல்லது சுருக்கம் இருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அங்கே பெயிண்ட் மட்டும் குறுக்காக வெடித்திருந்தாலும் எச்சரிக்கைதான். புதுப் பெயிண்ட் அடித்த ஃபிரேம் என்றால் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். பிடி திடீரென்று தளரும் இடத்தில் உள்ளே பட்டி போட்டிருக்கிறார்கள்.

நூல் சோதனை

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். ஒரு பக்க டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க டிராப்அவுட்டில் அதே இடத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். இப்போது சீட் போஸ்ட் இறங்கும் சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் ஸ்டீலில் சரிசெய்யக்கூடியது. 4, 5 மி.மீ. வந்தால் பின் முக்கோணம் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. செயின் நேராக ஓட வேண்டிய ஃபிக்ஸட் கியருக்கு அது ஆகாது. வேகமாக மிதிக்கும்போது செயின் கழன்றால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

அளவுகள்

பின் அகலம். இரண்டு டிராப்அவுட்டுக்கும் இடையே உள்ளே அளக்க வேண்டும். டிராக் ஹப்பின் அகலம் 120 மி.மீ. நம் ஊர் ஒற்றை கியர் சைக்கிள்கள் இதைவிடக் குறுகலாக, சில நேரம் 110ஐ ஒட்டியே இருக்கும். ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 5 மி.மீ. விரிக்கலாம். நீளமான போல்ட்டும் நட்டும் வைத்து மெல்ல விரிப்பார்கள். ஸ்டீல் திரும்பிச் சுருங்கும், அதனால் அளவைத் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். முடிந்ததும் நூல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய ரேஸ் வகையில் 126 மி.மீ. வந்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போட்டாலே தீர்ந்தது. 130க்கு மேல் போனால் வேறு ஃபிரேமைப் பாருங்கள்.

பிளவின் அகலத்தையும் அளங்கள். டிராக் பின் அச்சு 10 மி.மீ. பிளவு அரை மில்லிமீட்டர் குறைந்தால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். பழைய ரோட்ஸ்டரின் முன் ஃபோர்க்கும் பெரும்பாலும் இன்றைய 100 மி.மீ. ஹப்பைவிடக் குறுகலானது, அங்கேயும் விரிப்பும் அரமும் தேவைப்படும்.

பி.பி. மரை. இங்கேதான் பணம் சத்தமில்லாமல் கரையும். பெடல் அச்சு ஓடும் குழாயின் அகலமும் மரையும் ஸ்டாண்டர்டாக இருந்தால், கோட்டர் பின் போட்ட பழைய அச்சைக் கழற்றி எறிந்துவிட்டு இன்றைய சதுர முனை பி.பி.யை மாட்டலாம். ஸ்டாண்டர்டு என்பது 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, குழாய் அகலம் 68 அல்லது 73 மி.மீ. செயின் பக்கக் கப் இடது மரை. அதாவது எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும். இதை மறந்து பலம் காட்டினால் கப் உடையும்.

கையில் கொண்டுபோன கப்பை இப்போது எடுங்கள். மரையைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஸ்பானர் இல்லாமல் விரலால் திருகுங்கள். நான்கைந்து சுற்று இழையாமல் போனால் மரை ஒத்துப்போகிறது. ஒன்றரைச் சுற்றிலேயே இறுகினால் வேறு மரை, அல்லது கெட்ட மரை. இங்கிலாந்தின் ராலே தன் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்திருந்தது. எனவே பழைய ராலே வகை கிடைத்தால் இந்தச் சோதனை கட்டாயம். மரையே இல்லாமல் சுமார் 51 மி.மீ. விட்டத்தில் பெரிய ஓட்டை மட்டும் இருந்தால் அது ஒற்றைத்துண்டு கிராங்குக்கான ஃபிரேம். அடாப்டர் உண்டு, ஆனால் கூடுதல் செலவு.

பழைய கோட்டர் பின் கிராங்கையே வைத்து ஓட்ட முடியாதா? முடியும். பின் தேய்ந்திருந்தால், பெடலை எதிர்த்துப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டக் டக் என்று ஆடும். தினம் ஓட்டுபவர் மாற்றிவிடுவதே நல்லது.

பிரேக் துளை. ஃபிக்ஸட் கியர் என்றால் பிரேக் வேண்டாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். செயின் அறுந்தால் உங்கள் கால் எதையும் நிறுத்தாது. மார்த்தாண்டம் மேம்பாலத்து நெரிசலிலும் தக்கலை இறக்கத்திலும் முன் பிரேக் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ஃபோர்க் தலையில் பிரேக் துளை இருக்கிறதா, அந்தத் துளையிலிருந்து ரிம்மின் பிரேக் பிடிக்கும் இடம்வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரோட்ஸ்டரின் 28×1½ ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இன்றைய 700சி ரிம்முக்கு 622. சக்கரத்தை மாற்றினால் ரிம் 6.5 மி.மீ. கீழே இறங்கும், காலிபரின் கை அந்த அளவு நீளமாக வேண்டும். 57 மி.மீ.க்குள் இருந்தால் 47-57 மி.மீ. எட்டும் காலிபர் போதும். அதற்கு மேல் நீளக் கை காலிபர். கம்பி பிரேக் போட்ட ரோட்ஸ்டர் ஃபோர்க்கில் இது பெரும்பாலும் இழுபறிதான். ஒரு அங்குல மரை வைத்த, துளையுள்ள வேறு ஃபோர்க்கை அதே ஆக்கர் கடையில் தேடுவது புத்திசாலித்தனம். ஃபோர்க் கழுத்தின் நீளம் ஒத்துப்போக வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சக்கரம் மாறினால் வண்டியின் உயரமும் மாறும். 40 மி.மீ. டயர் போட்ட ரோட்ஸ்டர் சக்கரத்தின் விட்டம் சுமார் 715 மி.மீ.; 28 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரம் சுமார் 678. வண்டி முழுவதும் 18 மி.மீ. தரையை நெருங்கிவிடும். ஃபிக்ஸட் கியரில் வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும், எனவே பெடல் தரையில் தட்டும் ஆபத்து கூடும். 165 மி.மீ. கிராங்க், 32 அல்லது 35 மி.மீ. டயர் என்று போட்டால் இழந்த உயரத்தில் ஒரு பகுதி திரும்பிவிடும். நம் ரோட்டுக் குழிகளுக்கும் அந்த டயர்தான் பொருத்தம்.

உங்கள் உயரத்துக்கு எது

செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளங்கள். அந்த அளவை 0.65ஆல் பெருக்கினால் சீட் டியூபின் நீளம் தோராயமாக வரும். 80 செ.மீ. என்றால் 52 செ.மீ. ஃபிரேம், ஏறக்குறைய 20 அங்குலம். 85 என்றால் 55 செ.மீ., அது 22 அங்குலத்தை ஒட்டி வரும். 24 அங்குல ரோட்ஸ்டர் நிறையக் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அது நல்ல உயரமானவருக்குத்தான். பாருக்கு மேல் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கும்போது இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இல்லையென்றால் வாங்காதீர்கள்.

விலையும் தாளும்

ஃபோர்க், அது திரும்புவதற்கான பேரிங் செட்டான ஹெட்செட் இவற்றோடு சேர்ந்த நல்ல ஸ்டீல் ஃபிரேமுக்கு 1,000 ரூபாய், முழு சைக்கிளாக வந்தால் 2,000 ரூபாய்: நான் வைத்திருக்கும் எல்லை இதுதான். முழு சைக்கிளாக வாங்குவது பல நேரம் லாபம். ஹேண்டில், ஸ்டெம், சீட் போஸ்ட், சீட் எல்லாம் அதிலேயே வந்துவிடும். சக்கரம், கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு இவற்றை மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஃபிரேமில் மிச்சம் பிடிப்பது எதற்கு என்றால், பின் சக்கரத்துக்காக. அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. "ஃப்ரீவீலை வெல்டிங் வச்சுத் தாறேன், ஃபிக்ஸட் ஆயிடும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃப்ரீவீல் ஏறும் மரை வலது மரை. பெடலை எதிர்த்துப் பிடித்ததும் அது கழன்று வெளியே வரப் பார்க்கும். உண்மையான ஃபிக்ஸட் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே இடது மரையில் ஒரு லாக்ரிங் இறுகும். பல்சக்கரம் கழலப் பார்த்தாலும் லாக்ரிங் விடாது. அந்த ஹப்பை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதேபோல, செங்குத்துப் பிளவை அறுத்துக் கிடைமட்டப் பிளவை வெல்டிங் வைக்கும் யோசனையும் வேண்டாம். ஃபிரேமை அளவாகப் பிடித்து வைக்கும் ஜிக் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வராது.

பணம் கொடுக்கும் முன் ஃபிரேம் நம்பரைப் பாருங்கள். சீட் டியூபின் மேல்பகுதியிலோ பி.பி.க்கு அடியிலோ அடித்திருக்கும். அந்த நம்பர் உரசப்பட்டிருந்தால் எவ்வளவு நல்ல ஃபிரேமாக இருந்தாலும் வேண்டாம். நம்பர், தேதி, விலை, விற்றவர் கையெழுத்து என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்காமல் எழுதித் தருபவரிடம் வாங்கினால் பிறகு கவலை இல்லை.

வீட்டுக்கு வந்ததும்

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஃபிரேமை டீசலால் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துக் காயவிடுங்கள். மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். தேய்த்த ஸ்டீலை இரவு முழுக்க வெறுமனே விட்டால் நம் காற்றில் காலையில் மறுபடி பழுப்பாகிவிடும். பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் பிரைமர் வேண்டாம், பி.பி. மரையையும் ஹெட் டியூபின் வாயையும் மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கப் ஏறாது. பட்டி போட்ட ஃபிரேமை அந்தச் சூட்டுக்கு அனுப்பக் கூடாது.

குழாய்களின் உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி வடியவிடுங்கள். பி.பி. குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இல்லையென்றால் 5 மி.மீ.யில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் விழும் மாவட்டத்தில் இந்த ஓட்டைதான் ஃபிரேமின் ஆயுளைத் தீர்மானிக்கும். சீட் போஸ்ட்டுக்கும் ஸ்டெம்முக்கும் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். பெயிண்ட் வேலையை ஜனவரியிலிருந்து மார்ச் மாதத்துக்குள் வைத்துக்கொண்டால் நன்றாகக் காயும்.

இப்போது பின் அகலம், முன் அகலம், பி.பி. குழாய் அகலம், சீட் போஸ்ட் விட்டம், பிரேக் துளையிலிருந்து ரிம்வரை உள்ள தூரம் என்ற ஐந்து அளவையும் எழுதி வைத்துக்கொண்டு, ஹப்பையும் செயினையும் ஆர்டர் செய்யுங்கள்.